வீடியோ கேம் வாங்குவோரைத் தயங்கவைத்த அறிகுறிகள்: ஒரு வரலாறு

நிகழ்பட விளையாட்டு எனக் கலைச்சொல் பட்டியல்களும் வீடியோ கேம் எனப் பொதுமக்களும் குறிப்பிடும் பொருளைக் காசு கொடுத்து வாங்கும் முன், "இதை வாங்கினால் ஏமாந்துபோவோம்" என்று வாங்குபவரைப் பின்வாங்கவைக்கும் அடையாளங்கள் பல உண்டு. அட்டைப்பெட்டியின் மேல் உள்ள படம், நம்ப முடியாத எண்ணிக்கை, வெளியாகும் நாள்வரை மதிப்புரை வராமல் இருப்பது, ஆட்டம் தயாராகும் முன்பே கேட்கப்படும் பணம் என இவை காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. 1982-83இல் அமெரிக்காவில் ஏற்பட்ட வீழ்ச்சியில் தொடங்கி, 1990களில் தமிழ்நாட்டுக்கு வந்த கேசட்டுகள் வழியாக, இன்றைய இணையக் கடைகள் வரை இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆட்டங்களை உருவாக்கியவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. பணம் கொடுத்தவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது குறைவு.

புடவையும் கேசட்டும்

சின்ன காஞ்சிபுரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பொருளைச் சோதித்து வாங்குவது இரத்தத்தில் ஊறியது. பட்டுப் புடவையை விரிக்கச் சொல்வார்கள், பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள், உடலும் கரையும் சேரும் கோர்வையைத் தடவிப் பார்ப்பார்கள். அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. ஓரத்தில் தொங்கும் ஜரிகையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். வெள்ளையாக ஏதாவது எட்டிப் பார்த்தால் புடவையை மடித்துக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம். இழை ஒன்றைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வர வேண்டும். இத்தனை சோதனைகள் இருந்தும் போலி பெருகியதால்தான் மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் 'சில்க் மார்க்' முத்திரை வந்தது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வீடியோ கேமில் இந்த வசதி கிடையாது. கேசட்டைச் சுரண்டிப் பார்த்தால் பிளாஸ்டிக்தான் தெரியும். உள்ளே இருக்கும் ஆட்டம் நல்லதா என்பது வீட்டுக்குப் போய், தொலைக்காட்சியில் பொருத்தி, ஒரு மணி நேரம் ஆடிய பிறகே தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கும் சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை வெளியே தள்ளிவிடும் என்று பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதினார். பழைய கார் வியாபாரத்தை உதாரணமாக வைத்து அவர் எழுதிய அந்தக் கட்டுரையும் அதே துறையில் அவர் செய்த ஆய்வுகளும் 2001இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு பெற்றுத் தந்தன. அவர் சொன்னது அப்படியே நடந்த இடம் அமெரிக்காவின் பொம்மைக் கடைகள். நடந்த காலம், அவர் எழுதிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து.

1982: பெட்டிப் படத்தை நம்பியவர்கள்

அட்டாரி நிறுவனம் 1977இல் வெளியிட்ட வீட்டு விளையாட்டுப் பெட்டி (பின்னாளில் அட்டாரி 2600) கேசட்டை மாற்றி மாற்றி ஆடக்கூடியது. முதலில் அதற்கான ஆட்டங்களை அட்டாரி மட்டுமே தயாரித்தது. தங்கள் பெயரைக் கூடப் போடாத நிர்வாகத்தின் மீது வெறுப்புற்ற நிரலாளர்கள் சிலர் விலகி, 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினர். அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் அது சமரசத்தில் முடிந்தது. அதன் பின் யார் வேண்டுமானாலும் அட்டாரி பெட்டிக்குக் கேசட் தயாரிக்கலாம் என்றாயிற்று. ஆக்டிவிஷன் தயாரித்தவை நல்ல ஆட்டங்கள். ஆனால் அது திறந்துவிட்ட கதவு வழியாக வந்தவர்கள் எல்லாரும் அப்படி இல்லை. ஓட்ஸ் விற்கும் குவேக்கர் நிறுவனத்துக்கு ஒரு வீடியோ கேம் பிரிவு இருந்தது. நாய்த் தீனி விளம்பரத்துக்காகவே 'சேஸ் த சக் வேகன்' என்ற ஆட்டம் தயாரானது.

இந்தக் கேசட்டுகளின் அட்டைப்பெட்டிகளில் கைதேர்ந்த ஓவியர்கள் வரைந்த படங்கள் இருந்தன. வீரர்கள், விண்கலங்கள், வெடித்துச் சிதறும் கோள்கள் எல்லாம் அதில் இருக்கும். திரையில் வருவது சில சதுரக் கட்டங்கள் மட்டுமே. இதைக் கண்டு குழந்தைகள் முதலில் பெரிதாக வருந்தவில்லை. கற்பனை செய்துகொண்டு ஆடினார்கள். வருத்தம் தொடங்கியது, பெரிய பெயர்களே கைவிட்டபோது.

1982 மார்ச்சில் 'பேக்-மேன்' அட்டாரி பெட்டிக்கு வந்தது. ஆட்டக்கூடங்களில் நாணயம் போட்டு ஆடிய மூல ஆட்டத்தின் அழகில் பாதி கூட இதில் இல்லை. பேய் உருவங்கள் விட்டு விட்டுத் தெரிந்தன. அட்டாரி தயாரித்தது சுமார் 1 கோடியே 20 லட்சம் கேசட்டுகள். அப்போது மக்களிடம் இருந்த பெட்டிகளோ சுமார் 1 கோடி. இந்த ஆட்டத்துக்காகவே புதிதாகப் பெட்டி வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். விற்பனை மோசமில்லை என்றாலும் லட்சக்கணக்கான கேசட்டுகள் தேங்கின.

அதே ஆண்டின் கிறிஸ்துமஸுக்கு 'ஈ.டி.' வந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் திரைப்படம் அந்த ஆண்டு ஜூனில் வெளியாகிப் பெருவெற்றி பெற்றிருந்தது. உரிமம் வாங்கும் பேச்சு ஜூலை வரை இழுத்ததால், ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற நிரலாளருக்கு ஆட்டத்தை முடிக்க ஐந்து வாரம் மட்டுமே கிடைத்தது. வழக்கமாக அதற்கு ஐந்தாறு மாதங்கள் ஆகும். ஆடியவர்கள் குழிகளில் விழுந்து விழுந்து எழுந்தார்கள்; ஆட்டத்தில் பெரும்பகுதி அதுவே. சுமார் 40 லட்சம் கேசட்டுகள் தயாராகி, பெரும்பாலானவை கடைகளில் கிடந்தன அல்லது திரும்பி வந்தன. வார்ஷாவை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம். பாவு போட வேண்டிய நாள்களுக்குள் புடவையையே நெய்து தரச் சொன்னால் எந்த நெசவாளரும் என்ன செய்வார்?

1982 டிசம்பர் 7 அன்று அட்டாரியின் தாய் நிறுவனமான வார்னர், எதிர்பார்த்த வளர்ச்சி வராது என அறிவித்தது. அடுத்த நாளே அதன் பங்கு விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 1983இல் சிறு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைக்காரர்கள் 35 டாலர் கேசட்டை 5 டாலருக்குக் கூடையில் கொட்டி விற்றார்கள். 5 டாலர் குப்பை பக்கத்தில் இருக்கும்போது 35 டாலர் கொடுத்து நல்ல ஆட்டத்தை யாரும் வாங்கவில்லை. அக்கர்லாஃப் எழுதியது இதைத்தான். அமெரிக்க வீட்டு வீடியோ கேம் வருவாய் 1983இல் 320 கோடி டாலர் அளவிலிருந்து 1985இல் 10 கோடி டாலர் அளவுக்கு விழுந்ததாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

விற்காத சரக்கை அட்டாரி நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் 1983 செப்டம்பரில் புதைத்தது. வெகுகாலம் கட்டுக்கதை என்று கருதப்பட்ட இச்செய்தி, 2014 ஏப்ரல் 26 அன்று அந்த இடத்தைத் தோண்டியபோது உறுதியானது. நசுங்கிய பெட்டிகளோடு 'ஈ.டி.' கேசட்டுகள் வெளியே வந்தன.

இந்த வீழ்ச்சி வாங்குபவர்களுக்கு இரண்டு அறிகுறிகளைக் கற்றுத் தந்தது. திரைப்படத்தை ஒட்டி அவசரமாக வரும் ஆட்டம் சந்தேகத்துக்குரியது என்பது ஒன்று. பெட்டியின் மேல் ஆட்டத்தின் திரைப்படம் இல்லாமல் ஓவியம் மட்டும் இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்பது இன்னொன்று.

முத்திரை

நொந்துபோன அந்தச் சந்தைக்குள் 1985 அக்டோபரில் நுழைந்தது ஜப்பானின் நின்டெண்டோ. ஜப்பானில் 1983இலேயே 'ஃபேமிகாம்' என்ற பெயரில் வந்த பெட்டியை உருமாற்றி, வீடியோ கேம் என்ற சொல்லையே தவிர்த்து, 'என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்று பெயரிட்டு நியூயார்க்கில் விற்றது. கேசட்டை முன்பக்கமாகச் செருகும்படி, வீடியோ பிளேயர் போலவே வடிவமைத்திருந்தார்கள். தொடக்க கால ஆட்டங்களின் கறுப்புப் பெட்டிகளில் திரையில் தெரியும் கட்டக் கட்டமான உருவங்களையே பெரிதாக்கி அச்சிட்டார்கள். அட்டாரிப் பெட்டிகளால் சூடுபட்டவர்களுக்கு இது ஆறுதலாக இருந்திருக்கும்.

கேசட்டுக்குள் ஒரு பூட்டுச் சில்லு இருந்தது. நின்டெண்டோ அனுமதிக்காத கேசட் அந்தப் பெட்டியில் ஓடாது. வெளி நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடக் கூடாது என விதித்தார்கள். பெட்டியின் மேல் தங்க நிறத்தில் வட்டமான 'தர முத்திரை' ஒன்றைப் பதித்தார்கள். முத்திரை இல்லாத கேசட் என்பதே இனி எச்சரிக்கை. முத்திரை பெற்ற மட்டமான ஆட்டங்களும் ஏராளம் வந்தன என்பது உண்மை. பொருள் பெட்டியில் ஓடும் என்பதற்கு அது உறுதி. ஆட்டம் சுவையாக இருக்கும் என்பதற்கு அல்ல. 'சில்க் மார்க்' ஒட்டிய புடவை தூய பட்டு என்று மட்டுமே சொல்கிறது, நெசவு அழகாக இருக்கும் என்று சொல்வதில்லை அல்லவா, அதைப் போல.

பின்னர் வந்த இன்னொரு வகை முத்திரை பெற்றோருக்கானது. 'மார்ட்டல் காம்பாட்' போன்ற ஆட்டங்களின் இரத்தக் காட்சிகள் குறித்து 1993 டிசம்பரில் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. அதன் விளைவாக 1994இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற வயதுத் தர அமைப்பு உருவானது. ஐரோப்பாவில் 2003இல் பெகி வந்தது. இதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். வயதுக் குறியீடு ஒழுக்கம் பற்றியது, ஏமாற்றம் பற்றியது அல்ல.

999999 ஆட்டங்கள்

நின்டெண்டோவின் பூட்டும் முத்திரையும் நம் ஊர் வரை வரவில்லை. ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானிலும் பின்னர் சீனாவிலும் செய்யப்பட்ட நகல் பெட்டிகள் ஆசியா முழுவதும் பரவின. இந்தியாவில் 1980களின் கடைசியிலும் 1990களிலும் பிள்ளைகள் 'டிவி கேம்' என்று அறிந்தது பெரும்பாலும் இவற்றைத்தான். முறையான வழியிலும் முயற்சிகள் நடந்தன. 1990களின் நடுவில் சேகா நிறுவனத்தின் பெட்டிகளை ஷா வாலஸ் இந்தியாவில் விற்றது. ஆனால் மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அவை எட்டவில்லை. எட்டியது நகல்.

சென்னையில் இவை கிடைத்த இடங்களில் இரண்டு எல்லாருக்கும் தெரிந்தவை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே உருவான பர்மா பஜார் ஒன்று. மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ரிச்சி தெரு இன்னொன்று. மஞ்சள் நிறக் கேசட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் எண். 64 ஆட்டங்கள், 400 ஆட்டங்கள், 9999 ஆட்டங்கள், 999999 ஆட்டங்கள்.

1990களின் நடுவில் என் மகன் ஆறாம் வகுப்பில் படித்தபோது, முழு ஆண்டு விடுமுறையில் ஒரு கடையில் பேரம் பேசி இப்படி ஒரு பெட்டியும், 9999 என்று போட்ட கேசட்டும் வாங்கி வந்தேன். மாத இறுதி. அந்தச் செலவுக்காக வீட்டில் என்னென்ன தள்ளிப்போயின என்பதை இப்போது சொல்லத் தேவையில்லை. நான் கணக்கு ஆசிரியர். 9999 ஆட்டத்தை, நாளுக்கு ஒன்று என ஆடினால் 27 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று அவனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் ஒரு நோட்டில் பட்டியல் எழுதத் தொடங்கினான். மரியோ, கான்ட்ரா, டாங்க், ரோடு ஃபைட்டர், வாத்து சுடும் ஆட்டம். முப்பதைத் தாண்டியதும் மறுபடியும் மரியோ வந்தது. பெயர் வேறு, ஆட்டம் அதே. ஒன்றில் மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், இன்னொன்றில் உயிர் கூடுதலாக இருக்கும். அவன் நோட்டில் மொத்தம் 31 பெயர்கள் தேறின. மறு வாரம் கடைக்காரரிடம் போய்க் கேட்டபோது, "எண்ணுல தப்பு இல்ல சார், 9999 வரைக்கும் நம்பர் வருதா இல்லியா, பாருங்க" என்றார். வந்தது. அதற்கு மேல் என்ன பேசுவது?

அடுத்த முறை என் மகனே எனக்குச் சொல்லித் தந்தான்: எண் பெரிதாக இருந்தால் வாங்காதே. '4 ஆட்டம்' என்று போட்ட கேசட்டில் நான்கும் முழுமையாக இருக்கும். 999999 என்றால் இருபதுக்கு மேல் இராது. அவன் வகுப்பில் எல்லாப் பையன்களுக்கும் இது தெரிந்திருந்தது. எந்தப் பத்திரிகையும் எழுதாமல், பள்ளிக்கூட இடைவேளையில் வாய்வழியாகப் பரவிய அறிவு இது. கேசட்டின் மேல் ஒட்டிய தாள் சாய்ந்திருந்தால், ஆங்கில எழுத்துப்பிழை இருந்தால், மேலே ஒரு படமும் கீழே வேறு ஆட்டத்தின் பெயரும் இருந்தால் விலகிவிட வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் சேர்ந்தவை. கடையிலேயே ஒரு தொலைக்காட்சி வைத்து ஓட்டிக் காட்டும் கடைக்காரரிடம் மட்டும் வாங்குவது என்று சில பெற்றோர் பழகிக்கொண்டனர். புடவையை விரித்துக் காட்டும் கடை!

நகல் பெட்டிகளை இழிவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவை இல்லையென்றால் அந்தத் தலைமுறையில் பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகள் மரியோவைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

உள்நாட்டு ஆட்டம் என்ற பெருமை விற்பனைக்குப் போதாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கி 2009இல் சோனி வெளியிட்ட 'ஹனுமான்: பாய் வாரியர்', பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்காக முழுக்க இந்தியாவில் தயாரான முதல் ஆட்டம் என அறிமுகமானது. விலை 499 ரூபாய். கடவுளை விரற்பொத்தானால் இயக்குவது தகுமா என்று ஒரு தரப்பு எதிர்த்தது. ஆடிப்பார்த்தவர்களின் குறையோ வேறு: இயக்கம் பிசிறடித்தது என்பது.

முன்பணமும் முன்னோட்டமும்

2000களில் அட்டைப்பெட்டி ஓவியத்தின் இடத்தை முன்னோட்டக் காணொளி பிடித்துக்கொண்டது. பொய்யும் அங்கே குடியேறியது. 2013இல் வந்த 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' ஆட்டத்தின் முன்னோட்டங்களில் இருந்த ஒளியமைப்பும் காட்சிகளும் விற்பனைக்கு வந்த ஆட்டத்தில் இல்லை. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் போனபோது, காட்டியதும் கொடுத்ததும் ஒன்றல்ல என்பதைச் சேகா ஒப்புக்கொண்டது. 2016 ஆகஸ்டில் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' மீதும் அதே ஆணையத்திடம் புகார் போனது. விளம்பரம் தவறாக வழிநடத்தவில்லை என்று தீர்ப்பானது. ஆயினும் பேட்டிகளில் சொன்ன பல அம்சங்கள் ஆட்டத்தில் இல்லை என்ற கோபம் அடங்கச் சில ஆண்டுகள் ஆயின.

இதே காலத்தில் முன்பதிவு என்ற வழக்கம் வலுப்பெற்றது. கேசட்டும் தகடும் கடைக்கு எண்ணி வந்த நாளில், தீர்ந்துபோகுமுன் ஒன்றை ஒதுக்கிவைக்க முன்பணம் கட்டியதில் அர்த்தம் இருந்தது. இணையத்தில் இறக்கிக்கொள்ளும் ஆட்டம் ஒருநாளும் தீராது. இருந்தும் முன்பதிவுக்குச் சிறப்பு ஆடை, சிறப்பு வாள் என்று ஆசை காட்டினார்கள். ஆட்டம் எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதுமுன் பணம் வந்து சேர வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம்.

மதிப்புரையாளர்களுக்கு ஆட்டத்தை முன்கூட்டியே கொடுத்து, குறிப்பிட்ட மணிக்குப் பிறகே எழுதலாம் எனக் கட்டுப்பாடு விதிப்பது பழைய வழக்கம். அந்த மணி, விற்பனை தொடங்கும் நேரத்தோடு ஒட்டியிருந்தால் ஏதோ சரியில்லை என்று வாங்குவோர் கணிக்கத் தொடங்கினர். இக்கணிப்பு எவ்வளவு சரி என்பதைக் காட்டியது 'சைபர்பங்க் 2077'.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2012இல் அறிவித்த அந்த ஆட்டம் 2020இல் மட்டும் மூன்று முறை தள்ளிப்போய், டிசம்பர் 10 அன்று வெளியானது. அதற்குள் 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தனர். வெளியீட்டுக்கு முன் மதிப்புரையாளர்களுக்குக் கணினிக்கான வடிவம் மட்டுமே கொடுக்கப்பட்டது. தாங்கள் ஆடியதைப் படம்பிடித்துக் காட்டவும் அனுமதி இல்லை. நிறுவனம் கொடுத்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது. கணினி மதிப்புரைகள் புகழ்ந்தன. ஆனால் பலரிடம் இருந்ததோ பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் போன்ற பழைய பெட்டிகள். அவற்றில் ஆட்டம் திக்கியது, நின்றது, ஆள்கள் தரைக்குள் புதைந்தார்கள். டிசம்பர் 14 அன்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த வாரமே சோனி தன் இணையக் கடையிலிருந்து ஆட்டத்தை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் ஆட்டம் அக்கடைக்குத் திரும்பியது.

எச்சரிக்கைகள் எல்லாம் முன்பே கண்ணெதிரில் இருந்தன. மூன்று ஒத்திவைப்பு, பழைய பெட்டியில் ஓடும் காட்சியைக் காட்டாமல் இருந்தது, சொந்தப் படப்பிடிப்புக்குத் தடை. புடவையின் முன்பக்கத்தை மட்டும் காட்டி, திருப்ப வேண்டாம் என்று சொன்ன கதை.

இணையக் கடை

வால்வ் நிறுவனம் 2003இல் தொடங்கிய 'ஸ்டீம்' கணினி ஆட்டங்களின் மிகப்பெரிய இணையக் கடையாக வளர்ந்தது. 2013இல் அது வாங்கியவர்களே மதிப்புரை எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் முடிவுறாத ஆட்டங்களை 'முன்னணுகல்' என்ற வகையில் விற்கவும் இடம் கொடுத்தது. இப்போதுள்ள நிலையில் ஆட விருப்பமில்லையென்றால் பொறுத்திருங்கள் என்ற பொருளில் கடையே அங்கு ஒரு குறிப்பை வைக்கிறது. விற்பவர் தன் கடையிலேயே எச்சரிக்கை ஒட்டுவது வணிக வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை. ஆண்டுக்கணக்காகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் முன்னணுகல் ஆட்டங்களுக்கு, கடைசியாகத் திருத்தம் வந்து எவ்வளவு காலமாயிற்று என்ற குறிப்பும் 2025இல் சேர்ந்தது. செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்ட பகுதிகள் இருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2024 முதல் விதி. பலர் இன்று முதலில் தேடிப் பார்ப்பது அந்த வரியைத்தான்.

2015 ஜூனில் பணம் திரும்பப் பெறும் விதி வந்தது: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பும். அதே ஆண்டில் இந்தியர்கள் ரூபாயில் வாங்கவும் வழி பிறந்தது. அக்கர்லாஃப் சொன்ன நோய்க்கு இதுவரை கண்ட மருந்துகளில் இதுவே சிறந்தது என்பேன். ஆனால் இதற்கும் பக்கவிளைவு உண்டு. இரண்டு மணிக்குள் முடியும் சிறிய ஆட்டத்தை முழுவதும் ஆடிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 'சம்மர் ஆஃப் 58' என்ற ஆட்டத்தைத் தனியாளாக உருவாக்கியவர் 2021இல் இதனால் ஆட்ட உருவாக்கத்தையே காலவரையின்றி விட்டு விலகுவதாக அறிவித்தார்.

வாங்கிய பிறகும் கேட்கும் கை

2006இல் 'ஆப்லிவியன்' ஆட்டத்தின் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகம் சிரித்தது. பத்தாண்டில் அதுவே தொழிலின் வருமான வழியானது. 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' முழு விலைக்கு விற்றும், டார்த் வேடர் போன்ற நாயகர்களைத் திறக்கப் பல பத்து மணி நேரம் ஆட வேண்டும், அல்லது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டிகளுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற நிலை. எதிர்ப்பு வலுத்ததால், வெளியீட்டுக்கு முதல் நாள் பணம் கட்டும் வசதியை நிறுத்திவைத்தார்கள். 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்றது. 'உள்ளே வாங்குபவை உண்டு' என்ற சிறு வரி, அன்றிலிருந்து பலருக்குக் கடையை விட்டு வெளியேறும் வாசலாக ஆனது.

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் இயங்கும் மத்திய ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. "இன்னும் பத்தே நிமிடம்" என்ற பொய் அவசரமும், கேளாமலே கூடையில் பொருள் சேர்ப்பதும் அதில் உண்டு. இணைய வணிகம் முழுவதற்கும் பொதுவான விதி இது என்றாலும், பேரப்பிள்ளையின் கைபேசியில் கீழ்நோக்கி ஓடும் கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்கு அது எதைப் பற்றியது என்று விளங்கும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்த 2025 ஆண்டின் மத்தியச் சட்டம் வேறு வகையைச் சேர்ந்தது. இங்கே சொல்லும் பொருளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது வாங்குவோர் கேட்கும் புதிய கேள்வி: இது எவ்வளவு நாள் இருக்கும்? 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 'பப்ஜி மொபைல்' உள்ளிட்ட செயலிகளைத் தடைசெய்தபோது, நம் பிள்ளைகள் அக்கேள்வியை முதன்முதலாகச் சந்தித்தனர். அரசின் தடை ஒருபுறம் இருக்க, நிறுவனங்களே மூடுவதும் உண்டு. யுபிசாஃப்ட் 2014இல் விற்ற 'த க்ரூ' என்ற கார் ஆட்டத்தின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது; பணம் கொடுத்து வாங்கியவர்களும் ஆட முடியவில்லை. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, ஆள் சேராமல், செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தனியாக ஆடும் ஆட்டத்துக்கும் 'இணைய இணைப்பு எப்போதும் தேவை' என்று போட்டிருந்தால் பலர் விலகுவது இதனால்தான். அட்டாரி கேசட்டைக் குப்பைமேட்டிலிருந்து தோண்டியாவது எடுக்க முடிந்தது.

அறிகுறி தவறியபோது

கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கதாநாயகி வெண்பா, தாயின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டில் விடுபட்டதை யூகித்து இட்லியும் புட்டும் செய்கிறாள். ஆடுபவரும் அவளோடு சேர்ந்து யூகிக்க வேண்டும். தமிழ் பேச மறுக்கும் மகன் ஒரு பக்கம். அமெரிக்காவில் அதன் விலை 15 டாலர். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

விலையை நேரத்தால் வகுத்துப் பார்ப்பது வாங்குவோர் மத்தியில் வேரூன்றிய கணக்கு. அந்தக் கணக்கின்படி 'வெண்பா' வாங்கக் கூடாத ஆட்டம்; அப்படிச் சொன்னவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாக அது தேர்வானது. வாங்கியதும் கைவிடப்பட்ட 'நோ மேன்ஸ் ஸ்கை'யும் ஆண்டுதோறும் இலவசத் திருத்தங்கள் பெற்று, முதலில் திட்டியவர்களே பாராட்டும் ஆட்டமாக மாறியது. 'சைபர்பங்க்' கூட 2023 செப்டம்பரில் வந்த பெரிய திருத்தத்துக்குப் பின் நற்பெயர் எடுத்தது.

என் மகன் இப்போது வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது மடிக்கணினியில் 'வெண்பா'வைப் போட்டுக் கொடுத்தான். இட்லிப் பானையில் தண்ணீரை முதலில் ஊற்றாமல் தட்டை அடுக்கிவிட்டு என் மனைவியிடம் திட்டு வாங்கினேன். முடிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது; பணம் திரும்பப் பெறும் கெடு தாண்டிவிட்டது.